நான்கு பதினொன்று

நகோயாவில், ஓசு கடைத்தெருவில், இரண்டாம் மாடி.
காதுக்குள் செருகும் கருவிகள் விற்கிறேன்,
பதினேழு வருடமாக.
ஒரு காதுக்குப் பன்னிரண்டு டிரைவர் என்பேன்.
மேல்ஸ்தாயி பனித்தூளாய் உதிரும் என்பேன்.
தந்திக்கும் தந்திக்கும் நடுவே
காற்று நடமாடும் என்பேன்.
போன மார்ச் மாதச் செவிச் சோதனையில்
பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு அப்பால் என் கோடு
கயிறு அறுந்த வாளி.
முதலாளியிடம் சொல்லவில்லை.
கேட்காததைப் பற்றித்தான்
இன்னும் நன்றாகப் பேசுகிறேன்.

மழை. குடையை உறையில் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள்
மிசோகுச்சி தோகியே.
பல் கட்டுபவள். மருத்துவர் இல்லை,
மருத்துவருக்குப் பின்னறையில்
பீங்கானைச் சுட்டுப் பல்லாக்குபவள்.
காதில் அச்செடுத்துச் செய்யும் ரகத்தைக் காட்டினேன்.
"காய்ந்தால் எவ்வளவு சுருங்கும்?"
யாரும் என்னிடம் கேட்டதில்லை இதை.
இடக் காதுக்கு நடுத்தர முனை பொருந்தியது,
வலக் காதுக்குச் சிறியது.
"இரட்டையர் இல்லை" என்றாள் தன் காதுகளை,
யாரையோ மன்னித்துவிடுபவள் போல.

கொண்டுவந்தது ஒரே ஒரு பதிவு.
தனிப் பியானோ, மெதுவான பகுதி.

அறுபதாயிரம் யென்:
"நல்ல சூப்" என்றாள். கழற்றிவிட்டாள்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்:
முன்னால் குனிந்தாள்.
"அறைக்குள் யாரோ இருக்கிறார்கள்."
தலையசைத்தேன். தலையசைப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

பிறகு, பூட்டிய கண்ணாடிப் பெட்டி.
நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.
நுரை முனையை உருட்டி, நசுக்கி, செருகி,
உள்ளே அது விரியும்வரை
முப்பது எண்ணச் சொன்னேன்.
எண்ணினாள், உதடு அசைய.

நான்கு நிமிடம் பதினொன்றில்
அவள் இடக்கை எழுந்தது.
இரண்டு விரல்கள் எதன் மூலையையோ கிள்ளி
வலமிருந்து இடமாய்
காற்றில் மெல்லப் படுக்கவைத்தன.

"இது நான்" என்றாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் தோயோஹாஷியில் ஒரு அரங்கம்.
பியானோக்காரருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி.
பசித்த வயிற்றைக் கையால் அழுத்தியபடி
பக்கம் புரட்டிக்கொடுக்க வந்த கல்லூரிப் பெண்.
புதுத் தாள். இரண்டு ஒட்டிக்கொண்டன.
நகத்தால் பிரித்திருக்கிறாள்.
டிக்.
இன்னொரு முறை எடுக்கலாமா என்றாராம் ஒலிப்பதிவாளர்.
வேண்டாம், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாராம் மற்றவர்.
தட்டின் உறையில்
சுருதி சேர்த்தவர் பெயர் இருக்கிறது,
பூங்கொத்து அனுப்பிய வங்கியின் பெயர்கூட இருக்கிறது.

"உங்களுக்குக் கேட்கிறதா?"
கழற்றி நீட்டினாள்.
முனையை மாற்றிக்கொண்டு கேட்டேன்.
பியானோ. அழகான பியானோ.
பனித்தூள், காற்று, ஆழம், அகலம்,
எல்லாச் சொற்களும் நாக்கில் வரிசைகட்டி நின்றன.

"இல்லை" என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள்,
நிறம் பொருந்தாத பல்லைப் பார்ப்பது போல.
பிறகு ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.
இருபத்துநான்கு தவணை.
"மாதத்துக்கு இரண்டரைப் பல்."
அரைப் பல்லை என்ன செய்வது என்று
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"இதையே கொடுங்கள்.
மற்றதில் எல்லாம்
அவர் தானே பக்கம் புரட்டிக்கொள்கிறார்."

கடை மூடும் நேரம்.
காட்சிக் கருவியின் முனைகளைச் சாராயப் பஞ்சால் துடைத்தேன்.
துடைத்தவன் செருகிக்கொண்டேன்.
அதே பதிவைத் தேடி எடுத்தேன்.
நான்கு எட்டு. ஒன்பது.
ஒலியைக் கூட்டினேன். பியானோதான் பெரிதாயிற்று.
பதினொன்றில் இடக்கையைத் தூக்கி,
இல்லாத மூலையைக் கிள்ளி,
ஒட்டியிருந்த இரண்டை நகத்தால் பிரித்தேன்.

விளக்கணைக்க வந்த ஹசேபே
ஸ்விட்சில் விரல் வைத்தபடி நின்றான்.
"கொசுவா?"
ஆமாம் என்றேன்.